முதல் தண்ணீர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. வடக்கேயிருந்து புழுதிக்காற்று கிளம்பிவிட்டது, சத்தம் போட்டுச் சொன்னால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இன்றைக்கு ஒரு துணி துவைத்த கதை சொல்லப்போகிறேன். துணி துவைப்பதில் கதை என்ன கிடக்கிறது என்று உங்களில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு துணியைத் துவைத்துவிட்டு, ஊர் தன்னைத் திருடி என்று சொல்லிவிடுமோ என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்த ஒருத்தியின் கதை இது.

எங்கள் தீவூர் அபோன்னேமாவில் படகுத்துறையிலிருந்து மேலே ஏறினால் இரண்டாவது சந்து, பச்சைக் கதவு வீடு. அங்கே ஒவானாரி இருந்தாள். ஐம்பத்தெட்டு வயசு. கல்யாணம் நடந்து, நாலு வருஷத்தில் அது கலைந்து, தாய்வீட்டுக்கே திரும்பி வந்தவள். தம்பி சோகாரி பெண்சாதி பிள்ளைகளோடு போர்ட் ஹார்கோர்ட்டில். இங்கே அம்மா அவோபாவும் இவளும்தான். முப்பது வருஷம் இரண்டு பொம்பிளைகள் ஒரு அடுப்பில் ஆக்கி ஒரு சட்டியில் தின்றார்கள். செப்டம்பர் மழையில் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

போனவளை உடனே புதைத்துவிட முடியுமா? சொந்தம் கூடவேண்டும், பட்டணத்து ஆட்களுக்கு லீவு வேண்டும், இறந்தவரைக் கிடத்துகிற கட்டிலையும் சுவரையும் பழந்துணிகளால் அலங்கரிக்கிற பொம்பிளைகளுக்குச் சொல்லிவிடவேண்டும். ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அம்மா பட்டணத்து ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் நாலு மாதம் கிடந்தாள். ஒவானாரி இந்த வீட்டில் நாலு மாதம் கிடந்தாள்.

பிழைப்புக்கு அவளுக்குக் கைவேலை இருந்தது. ஊரில் யாருடைய லேஸ் ரவிக்கை, யாருடைய வெல்வெட், யாருடைய ஜரிகைத் துணி அழுக்கானாலும் பச்சைக் கதவுக்குத்தான் வரும். மெஷின் கிடையாது. நாலு வெள்ளை பேசின், ஒரு மழைத்தண்ணீர்த் தொட்டி, பத்து விரல். எங்கள் ஓடையில் ஓடுவது உப்புத் தண்ணீர். துணியில் பட்டால் விறைத்துப்போகும். போர் தண்ணீரில் இரும்பு. வெள்ளை லேஸ் இரண்டு தடவையில் செம்மண் நிறமாகிவிடும். அதனால் மழைக்காலம் முழுக்கக் கூரைத் தகரத்திலிருந்து தொட்டிக்கு ஓடுகிற ஒவ்வொரு சொட்டையும் அவள் காவல் காப்பாள். “ஒவானாரி கையில குடுத்தா துணி பிறந்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி வரும்” என்பார்கள். கொடுப்பார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். வந்தவர்கள் பேசுவதெல்லாம் துணியைப் பற்றித்தான். இந்தக் கறை போகுமா, அந்த மணி உதிருமா. நீ சாப்பிட்டியா என்று கேட்க அம்மா ஒருத்தி இருந்தாள்.

அம்மா விட்டுப்போனதில் ஒரு பெட்டி. கறுப்புத் தகரப் பெட்டி, அவளுடைய அம்மா காலத்தது. அதற்குள் பதினோரு இந்தியா. ஆமாம், அந்தத் துணியை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். இந்தியாவிலிருந்து கப்பல் ஏறி வந்த கட்டம்போட்ட துணி. அசல் இந்தியாவுக்கு ஒரு மணம் உண்டு. மரப்பட்டையும் புகையும் பழைய எண்ணெயும் கலந்தமாதிரி, மூடி திறந்தால் அறை முழுக்க எழும்பும். நாக்கு நுனியில் வைத்தால் துவர்க்கும். போலித்துணி எத்தனை அச்சாக இருந்தாலும் கண்ணைத்தான் ஏமாற்றும், மூக்கை ஏமாற்றாது. அந்த மணத்துக்காகவே இந்தியாவை யாரும் துவைப்பதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை நிழலில் விரித்து, காற்றாடவிட்டு, மடிப்பு மாற்றி வைப்பார்கள். அவ்வளவுதான்.

பதினொன்றிலும் ஒன்று வெட்டுத்துணி. ஒவானாரியை வயிற்றில் சுமந்துகொண்டு, வாசலில் உட்கார்ந்து, அம்மா தன் கையால் வெட்டினது. ஊசியால் வெளிர் நூலை ஒன்றொன்றாகத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிட்டால், மிச்சமிருக்கிற அடர் நூல்களில் ஒரு கோலம் தெரியும். அம்மா வெட்டினது மீன்செவுள் வரிசை. துணியா வலையா என்று சொல்லமுடியாது, அத்தனை மெல்லிசு. ஒரு நகம் மாட்டினால் போதும், வரிசையே சரிந்துவிடும். அம்மாவைக் கிடத்துகிற கட்டிலில் இதைத்தான் விரிக்கவேண்டும் என்று அவளே பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லிவைத்திருந்தாள். பெட்டியின் சாவி ஒவானாரியின் இடுப்புக் கயிற்றில்.

இப்போது அவள் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். அக்டோபரில் மழை விட்டதும் காற்றாட விடுவதற்காகப் பெட்டியைத் திறந்தாள். மணம் எழும்பியது. வெட்டுத்துணியை எடுத்து விரித்தவள், என்ன நினைத்தாளோ, இடுப்பில் சுற்றிக்கொண்டு அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம் இரண்டு மணி. அந்த நேரத்தில்தான் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாள். அம்மா அப்போது ஊர்க்கதை பேசுவாள். இப்போது தன் முழங்காலே வலித்தது. அதே டப்பாவை எடுத்துத் தனக்குத் தேய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. மடித்து உள்ளே வைத்தாள். மறுநாள் இரண்டு மணிக்குக் கை தானாகச் சாவிக்குப் போனது. அதற்கு மறுநாளும். இப்படி மூன்று மாதம். திரையை இழுத்துவிட்டு உட்காருவாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அடக்கம் வெள்ளிக்கிழமை என்று முடிவான வாரம், திங்கட்கிழமை காலையில் பெலேமா வந்தாள். எழுபத்திநாலு வயசு, ஒல்லி, நேரான முதுகு. கட்டில் அலங்கரிப்பதில் அவளுக்குமேல் ஆள் கிடையாது. கண் மங்கிவிட்டது, ஆனால் மூக்கும் நாக்கும் வாலிபத்தில் இருந்தபடியே இருந்தன.

“எளா ஒவானாரி, வியாழக்கிழமை காலைல வாரேன். பெட்டியத் தொறந்து பாக்கணும். கட்டிலுக்கு எது, சுவத்துக்கு எதுன்னு பிரிக்கணும். ஒன் தம்பி பெண்டாட்டியும் இருக்கட்டும்.”

“அவ புதன்கிழமை வாரா அத்தை.”

“நல்லது. ஒத்தைல தொறந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும். அதென்ன, மெலிஞ்சு போயிருக்க? சாப்பிடுதியா இல்லியா?”

“சாப்பிடுதேன் அத்தை.”

“பொய் சொல்லுத. வாரேன்.”

பெலேமா போனதும் ஒவானாரி பெட்டியைத் திறந்தாள். எல்லாவற்றையும் தூசி தட்டி வைப்போம் என்றுதான். வெட்டுத்துணியை முதல்முதலாகச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நடுவில், மீன்செவுள் வரிசையின்மேல், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. முழங்கால் படுகிற இடம். திரை இருட்டில் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. தைலம் ஊறி, நூல் கறுத்து, புழுதி அப்பி, செவுள் ஓட்டைகளெல்லாம் அடைத்துக் கிடந்தது.

அப்படியே விட்டால், சாகாத ஒருத்தி சாவுக்கட்டில் துணியைத் தினம் உடுத்தி அழுக்காக்கினாள் என்று ஊர் பேசும். துவைத்தால் மணம் போகும். மணம் போன துணியைப் பெலேமா மூக்கில் வைத்த உடனே, அசலை விற்றுவிட்டுப் போலியை வைத்தாள் என்று ஆகும். வருஷாவருஷம் எங்கேயோ ஒரு வீட்டில் அப்படி நடக்கத்தானே செய்கிறது. சாவி அவளிடம். துணி தெரிந்தவளும் அவள். யாரைச் சொல்லுவார்கள்?

கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் அவளை எழுப்பியது பயமில்லை. அந்தக் கறையோடு அம்மாவைக் கிடத்த அவளுக்கு மனசு வரவில்லை. ஊர்த்துணியெல்லாம் பளிச்சென்று அனுப்பிய கை.

தொட்டியில் எட்டிப் பார்த்தாள். ஒரு வாளிக்குமேல் தேறாது. பக்கத்து வீட்டு இயாலாவிடம் போனாள். பழைய படகோட்டி, மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துவைத்துத் தேநீருக்கு மட்டும் செலவழிக்கிறவர். வாசலில் உட்கார்ந்து வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, மூணு வாளி மழைத்தண்ணி வேணும்.”

“மூணு வாளியா? ஜனவரி மாசத்துல? தங்கச்சி, என் ரத்தத்தக் கேளு, குடுத்துருதேன்.”

“ஒங்க ரத்தத்துல என்னத்தத் துவைக்க?”

“யாரு துணி அது? கவர்னர் பெண்டாட்டி துணியா?”

“அம்மைக்கு உள்ளது.”

அவர் ஈயத்தைக் கீழே வைத்தார். “அப்படிச் சொல்ல வேண்டியதுதான. எடுத்துக்க. நாலு வாளியா எடுத்துக்க. அவிய என் பெண்டாட்டி செத்தப்ப நாப்பது நாளு எனக்குச் சோறு குடுத்து விட்டாவ.” பிறகு கேட்டார்: “நீ ஏன் இப்ப வெளியவே வர மாட்டேங்க?”

“வேலை கிடக்கு அண்ணாச்சி.”

“வேலை எல்லார்க்கும் கிடக்கு” என்று அவர் மறுபடி வலையை எடுத்துக்கொண்டார்.

நாலு வாளியையும் ஒன்றொன்றாகச் சுமந்து வந்து, மேலே துணி கட்டி மூடினாள். கதவைச் சாத்தி, சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி செருகினாள். புழுதிக்காற்றுக் காலத்தில் நூல் முறுகி நிற்கும், அவசரப்பட்டால் ஒடியும்.

முதலில் நகத்தை ஒட்ட வெட்டினாள். மோதிரத்தைக் கழற்றினாள். கறையின்மேல் மரவள்ளிக் கஞ்சி மாவைக் காய்ந்தபடியே தூவி, மேலே வெள்ளைத்தாள் வைத்து, ஒரு தட்டைப் பாரம் வைத்தாள். மாவு எண்ணெயைக் குடிக்கட்டும் என்று மூன்று மணி நேரம் விட்டாள். மாவு மஞ்சளாகிப்போனது. மெத்தென்ற தூரிகையால் தட்டிவிட்டு, மறுபடி தூவினாள். பிறகு துணி ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தாள். சிவப்பு லேசாக ஒட்டியது. சாயம் விடுகிற துணி. அப்படியானால் குளிர்ந்த தண்ணீர்தான், கை நிறைய உப்பு வேண்டும், நேரம் கூடக் கூடாது.

பழைய கொசுவலை ஒன்றை இரண்டாக மடித்து, அதற்குள் வெட்டுத்துணியை விரித்து, ஓரத்தைச் சுற்றி நீளத் தையலாக ஓட்டினாள். இனித் தூக்குவதானால் வலையைத்தான் தூக்கவேண்டும். துணி தன் பாரத்தைத் தானே தாங்காது.

எந்தத் துணியானாலும் முதல் தண்ணீரில் அவள் சவுக்காரம் போடமாட்டாள். உப்பு மட்டும் போட்ட மழைத்தண்ணீரில் சும்மா மிதக்கவிடுவாள். தளர்ந்த சாயமும் புழுதியும் அதிலேயே இறங்கிவிடும், அப்புறம் சவுக்காரம் கொஞ்சம் போதும். அன்றைக்கும் அப்படியே வலையோடு பேசினில் இறக்கினாள். தண்ணீர் முதலில் சும்மா இருந்தது. பிறகு மெல்ல மெல்லத் தேநீர் நிறமாகி, அதற்குள் ஒரு சிவப்பு ஓடியது. அறையில் மணம் எழும்பியது. பெட்டி திறந்தால் வருகிற மணமில்லை, அதைப்போல இரண்டு பங்கு. அவள் பேசின் பக்கத்தில் மண்டியிட்டு, அது வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து துணியைத் தூக்கிவிடலாமா என்று ஒருதரம் நினைத்தாள். தூக்கவில்லை.

இரண்டாவது பேசினில், வெள்ளைச் சவுக்காரத்தைக் கத்தியால் சீவி வெந்நீரில் கரைத்து ஆறவைத்த தண்ணீர். கசக்கவில்லை, பிழியவில்லை. உள்ளங்கையை விரித்து, சளிபிடித்த குழந்தையின் நெஞ்சை அமுக்குகிற மாதிரி அமுக்கி, விட்டு, அமுக்கினாள். கறை நகர மாட்டேனென்றது. பிறகு ஓரமாக இளகி, செவுள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தது. மூன்றாவது, நாலாவது தண்ணீரில் அலசினாள். கடைசிப் பேசினில் மூன்று எலுமிச்சம்பழச் சாறு விட்டு மிஞ்சிய சாயத்தை இறுக்கினாள். வலையோடு தூக்கி வடியவைத்து, தடித்த துவாலைகளுக்கு நடுவில் வைத்துப் பாயைப்போல் சுருட்டி, ஈரம் வாங்கினாள்.

காயவைக்கக் கொடி ஆகாது. தொங்கினால் வரிசை இழுத்துக்கொள்ளும். சமமாக விரிக்க, அத்தனை நீளத்துக்கு, வீட்டில் ஒரே இடம்தான் இருந்தது. அம்மாவின் பித்தளைக் கட்டில். வெள்ளை விரிப்புப் போட்டு, தையலைப் பிரித்து வலையை உருவிவிட்டு, துணியை அதன்மேல் விரித்து, ஒவ்வொரு செவுளையும் விரல் நுனியால் நேராக்கினாள். நாலு மாதமாக வெறுமையாகக் கிடந்த கட்டிலில் யாரோ ஒல்லியாகப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. ஒரு நூல் நகரவில்லை. கறை இருந்த இடம் கண்டுபிடிக்க முடியாது. அவள் கைவேலையிலேயே இதுதான் சிறந்தது, சொல்லிக்கொள்ள ஆளில்லை. குனிந்து மூக்கை வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தாள். வெறுந்துணி.

இந்தியாவின் மணம் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குத்தான் பயந்திருந்தாள். தைலம் போயிருந்தது, அதுவும் தெரிந்ததுதான். அதோடு சேர்த்து, இந்த மூன்று மாதமும் தன்னைக் கட்டிலில் உட்காரவைத்தது எதுவோ, அதுவும் போயிருந்தது. அம்மா வெட்டும்போது மடியில் கிடந்த துணி, அம்மா விசேஷங்களுக்கு உடுத்தின துணி. அதை அவளே தன் கையால், நன்றாக, முறையாக, துளிக் குறையில்லாமல் அலசிவிட்டிருந்தாள்.

சவுக்காரத் தண்ணீரையெல்லாம் ஏற்கெனவே சாக்கடையில் விட்டாயிற்று. முதல் தண்ணீர் மட்டும் குளியலறையில் கிடந்தது. சவுக்காரம் இல்லாத தண்ணீரை அவள் எப்போதும் கொல்லை வாழைக்குத்தான் ஊற்றுவாள். பேசினைத் தூக்கினாள். முகத்துக்குக் கிட்டே வந்ததும் மணம் வந்தது. மரப்பட்டை, புகை, தைலம், அப்புறம் போய்விட்டதென்று நினைத்த அது. கொல்லைக் கதவுவரை போனவள் அப்படியே திரும்பி வந்து, பேசினைக் கீழே வைத்து, ஒரு தட்டால் மூடினாள்.

துணியை மற்ற பத்து இந்தியாவுக்கும் நடுவில் மடித்து வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். இரண்டு நாளில் கொஞ்சமாவது ஏறட்டும் என்று. ஏறாது என்றும் தெரியும்.

புதன்கிழமை கடைசிப் படகில் இபிபா வந்து இறங்கினாள், தம்பி பெண்சாதி. நாலு பை, இரண்டு போன், நிற்காத வாய். கெட்டவள் இல்லை, மனசில் தோன்றியது நாக்கில் வந்துவிடும், அவ்வளவுதான். ஒவானாரி வாழைக்காயும் கிழங்கும் அவித்து, செம்பனை எண்ணெய் விட்டு ஓனுனு இடித்து, நத்தை போட்ட மீன்குழம்போடு வைத்தாள்.

“என்ன மைனி, ஒங்க தட்டுல ஒண்ணுமே இல்ல? எனக்கு மட்டும் மலையாட்டம் வச்சிருக்கீய.”

“நான் அப்பவே தின்னுட்டேன்.”

“எண்ணெய் கம்மி. மாமி இடிச்சா கையெல்லாம் செவக்கும்.” தின்றுகொண்டே சொன்னாள்: “கேட்டீயளா, எங்க தெருவுல ஒருத்தி அசல் இந்தியா வாங்கியிருக்கா. வெட்டுத்துணி. எங்கேருந்துன்னு கேட்டா, அபோன்னேமாலேருந்து வந்துச்சுன்னா. யாரு வீட்டுப் பெட்டி காலியாச்சோ. அவிய வீட்டு ஆவிக்குத்தான் தெரியும்.”

ஒவானாரி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

“ஏன் மைனி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“புழுதி. கண்ணுல விழுந்துட்டு.”

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் பெலேமா வந்தாள். கைகழுவி, பாயில் சம்மணம் போட்டு, பெட்டிக்கு நேராக உட்கார்ந்தாள். ஒவானாரி சாவியைப் போட்டாள். இபிபா ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள். பெலேமா கண்ணை மூடி மூக்கில் வைப்பாள், ஓரத்தை நாக்கு நுனியில் தொடுவாள், “இந்தியா” என்பாள், வலதுபக்கம் வைப்பாள். ஒன்று. இரண்டு. மூன்று. “இது ஒன் பாட்டி உடுத்துனது, இதக் கட்டித்தான் ஆடுவா.” நாலு. ஐந்து.

ஆறாவதை வாங்கி மூக்கில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். நாக்கில் தொட்டாள்.

“இது என்னது?”

“வெட்டுத்துணி அத்தை. அம்மைக்கு உள்ளது” என்றாள் ஒவானாரி.

“இதுல ஒண்ணுமில்லியே. எலுமிச்சம்பழம் மாதிரி என்னவோ ஒட்டிக்கிட்டிருக்கு.”

“துவைச்சேன்.”

“எதை? இந்தியாவையா?”

“ஆமா.”

இபிபா வாங்கி முகர்ந்தாள். “மைனி, சந்தைல நத்தை விக்கிறவகூட இந்தியாவத் துவைக்க மாட்டா. ஊருக்கெல்லாம் துவைக்கிற ஒங்களுக்கா தெரியாது?” சொல்லி முடித்ததும் அவளுக்கே ஏதோ புரிந்தமாதிரி குரல் இறங்கியது. “எங்க தெருக்காரி வாங்குனது…”

“இபிபா.”

“நான் சொல்லல மைனி. நாளைக்கு ஊரு சொல்லும். இப்பல்லாம் மெஷின்ல இதே மாதிரி வெட்டித் தாரான். மீன்செவுளு, ஆமையோடு, எது வேணாலும். மாமியக் கிடத்துத கட்டில்ல போலிய விரிச்சுட்டு நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்போம்?”

“என் கண்ணு நல்லா இருந்தா வெட்டுனவ கையப் பாத்தே சொல்லிருவேன்” என்றாள் பெலேமா. “அதுவும் போச்சு. ஒவானாரி, இங்க பாரு. ஏன் துவைச்ச?”

“எண்ணெய்க் கறை இருந்துச்சு.”

“பெட்டிக்குள்ள இருக்கிற துணிக்கு எண்ணெய் எப்படி வரும்?”

“நான் உடுத்துனேன்.”

“எந்த விசேஷத்துக்கு?”

“விசேஷம் இல்ல.”

“பின்ன எங்க உடுத்திட்டுப் போன?”

“எங்கயும் போகல அத்தை. கட்டில்ல உக்காந்திருந்தேன்.”

“யாருகூட?”

ஒவானாரி தரையைப் பார்த்தாள். “யாருகூடயும் இல்ல” என்றாள். “மத்தியானத்துல. தினமும்.”

பெலேமா துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் விரல் செவுள் செவுளாகப் போய்க்கொண்டிருந்தது.

“நம்புதேன்னு வச்சுக்க” என்றாள் கடைசியில். “நான் நம்பி என்ன செய்ய? நாளைக்குக் கட்டில் பக்கத்துல நூறு பொம்பிளை வந்து மோந்து பாப்பா. நான் எதைக் காட்டுவேன்?” பிறகு, துணி தெரிந்தவள் துணி தெரிந்தவளிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: “முதல் தண்ணிய எந்தப் பக்கம் கொட்டுன? மண்ணுலயா, சாக்கடைலயா? மண்ணுன்னா கொஞ்சம் வாடை நிக்கும்.”

“கொட்டல அத்தை.”

“என்னது?”

“கொட்ட முடியல. கிடக்கு.”

போய் எடுத்து வந்தாள். பேசினைப் பெலேமாவுக்கு முன்னால் வைத்துத் தட்டைத் தூக்கினாள். இரண்டு நாள் மூடிக்கிடந்த மணம் ஒரேயடியாக எழும்பியது. பெலேமாவுக்குக் குனியவேண்டிய வேலையே இருக்கவில்லை. ஆனாலும் குனிந்தாள். விரலை விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள். மறுபடி விட்டாள்.

“இந்தியா” என்றாள். “உப்புக்கு அடில துவர்ப்பு. அசல். பழைய சரக்கு. எந்த மெஷின்காரனும் இதத் தண்ணிக்குள்ள வெட்ட முடியாது. எளா இபிபா, நீயும் பாரு. அப்புறம் நான் சொன்னேன்னு சொல்லாத.”

இபிபா விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தாள். பிறகு பேசின்மேல் முகத்தைக் கொண்டுபோனாள்.

“தைலம்” என்றாள். பிறகு, “மாமி” என்றாள். தலை நிமிரவில்லை. “மைனி, நீங்க ஒரு போன் போட்டிருக்கலாமே.”

“போட்டு என்ன சொல்ல?”

இபிபா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

பெலேமா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். “அழுகை நாளைக்கு. இன்னைக்கு வேலை கிடக்கு. பழைய வெள்ளைத்துணி நாலு கொண்டா. கட்டிலைத் துடைக்கணும்.”

“நேத்தே துடைச்சுட்டேன் அத்தை.”

“எதை வச்சுத் துடைச்ச? தண்ணிய வச்சுத்தான? இப்ப இதை வச்சுத் துடைப்போம்.”

மூன்று பேரும் வெள்ளைத்துணியை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பித்தளைக் கட்டிலின் கால், கம்பி, குமிழ், பலகை, பின்னால் இருக்கிற சுவர் எல்லாம் துடைத்தார்கள். இபிபா கட்டிலுக்கு அடியில் படுத்து அடிப்பலகையைத் துடைத்தாள், தலையெல்லாம் ஒட்டடை. புழுதிக்காற்றில் தண்ணீர் தொட்ட உடனே உலர்ந்தது, மணம் மட்டும் நின்றது. பிறகு வெட்டுத்துணியை விரித்தார்கள், மற்றதற்கெல்லாம் மேலே, முதுகு படுகிற இடத்தில். காலை வெயில் செவுள் வழியாக இறங்கி அடியிலிருந்த சிவப்பைக் காட்டியது. “இந்த ஊர்ல இத்தனை சுத்தமான வெட்டுத்துணிய நான் பாத்ததில்ல” என்றாள் பெலேமா, விரலால் பார்த்துக்கொண்டே. ஒவானாரி அதைக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள், சோகாரியும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். நூறு பொம்பிளைகள் வந்தார்கள், முகர்ந்தார்கள், கட்டிலைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார்கள், தலையாட்டினார்கள். இயாலா பட்டணத்திலிருந்து முதல் படகில் சவப்பெட்டியோடு வந்து, கடைசிவரை வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனார்கள். இபிபா கிளம்பும்போது ஒவானாரி பெட்டிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினாள். இபிபா அவள் கையை மூடிவிட்டு, “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ராத்திரி போன் போடுவேன். எடுக்கணும்” என்று சொல்லிப் படகேறினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணி. வீடு பழையபடி சும்மா இருந்தது. துணியெல்லாம் பெட்டிக்குள். கட்டில் மறுபடி வெறும் பித்தளை. ஒவானாரி தைல டப்பாவை எடுத்து, பித்தளைக் குமிழில் மூக்கை வைத்துப் பார்த்தாள். இருந்தது, கொஞ்சமாக. முதல் மழைவரைக்கும் தாங்கும், அதற்குமேல் தாங்காது. உட்கார்ந்தாள்.

கதவு தட்டுகிற சத்தம். பெலேமா நின்றாள், கக்கத்தில் ஒரு பழைய லேஸ் ரவிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு.

“இதத் துவைக்கணும். அவசரம் இல்ல.” உள்ளே வந்து, கேட்காமலே கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டினாள். “என் முட்டியும் இந்த நேரத்துலதான் பிடிக்கும். அந்த டப்பாவ இங்கன கொண்டா.”

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்து போங்கள், புழுதி அடங்கிவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பூச்சி அண்டாமல் இருக்கட்டும். உங்கள் தொட்டியில் அடுத்த மழைவரைக்கும் தண்ணீர் நிற்கட்டும். உங்கள் வீட்டில் ஒருத்தர் கையில் தட்டோடு இருந்தால், சாப்பிட்டியா என்று கேட்க இன்னொருத்தர் இருக்கட்டும். மத்தியான வேளையில், ஒரு வேலையும் இல்லாமல், உங்கள் கதவை யாராவது தட்டட்டும்.